முடிவுரை கேட்க வந்த கண்மாய்

கொக்கூரணிச் சேவுகப்பெருமாளுக்குத் தலைக்குச் சோப்புப் போடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் வழக்கம், நுரை கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க எரிச்சல் தாங்காது என்பார், அப்படி மூடின கண்ணோடு ஊர் நியாயம் அத்தனையும் பேசி முடித்துத்தான் முங்குவார்; ஒரு திங்கட்கிழமை காலையில் ஊர்க் கண்மாயில் அவ்விதமே கண்ணை மூடி, பேசவேண்டியதைப் பேசி, முங்கி எழுந்து கண்ணைத் திறந்தபோது, எதிரே மருதங்குடிப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதி நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அதே தண்ணீர்தான், இடுப்பில் அதே துண்டுதான். கரையும் வந்திருந்தது, கரைமேல் நின்ற கருவை மரங்களும் மடைக்கல்லும் வந்திருந்தன, எருமைகள் இரண்டும் ஊர் மாறிய விவரம் தெரியாமல் கழுத்தளவு தண்ணீரில் அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. தூரத்து வேலியில் மாட்டிவிட்டு வந்த சட்டை மட்டும் கொக்கூரணியிலேயே தங்கிவிட்டது. மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள், அவரும் பார்த்தார், பிறகு மரியாதைக்குத் துண்டை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டார்.

காவலாளி விசிலை ஊதிக்கொண்டு கரைக்கு ஓடிவந்து, "ஐடி கார்டு இருக்கா?" என்றார்.

"துண்டே இப்பவோ அப்பவோன்னு நிக்குது. கார்டை எங்கய்யா சொருகிக்கிறது?" என்றார் சேவுகப்பெருமாள்.

பேருந்தில் முக்கால் மணி நேரமும் கால்நடையாக அரை நாளும் ஆகும் தூரத்தைக் கடந்து ஒரு கண்மாய் வந்து கால்பந்து மைதானத்தில் படுத்துக்கொண்டதைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே திறப்பு விழா நடந்தும் கட்டப்படாத ஒரு கட்டடம் இருந்தது, ஆசிரியர் இல்லாமலே முதல் வகுப்பில் தேறுகிற ஒரு துறை இருந்தது. பதிவாளருக்கு இருந்த ஒரே கவலை இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான்: வருகைதரு பேராசிரியர் என்று சேர்ப்பதா, விருந்தினர் என்று சேர்ப்பதா, கட்டுமானம் என்று சேர்ப்பதா. உடற்கல்வித் துறையினர் மைதானம் போச்சே என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டுவிட்டு, படகுப் போட்டிக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் ஒரு குழு போட்டாகிவிட்டது. அந்தக் குழு, முன்னனுமதியின்றி வளாகத்துக்குள் நுழைந்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும் என்று ஓர் அறிவிப்பை எழுதி, கண்மாய்க்குத் தெரிகிற மாதிரி கரையில் நட்டு வைத்தது.

முத்துப்பேச்சி அந்தக் கண்மாயை ஆய்வாளர் அறையின் சன்னலிலிருந்து பார்த்தாள். வரலாற்றுத் துறையில் ஏழெட்டு வருஷமாகக் கொக்கூரணிக் கண்மாயைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவள், கொக்கூரணியிலேயே பிறந்தவள், அதனால் எருமைகளின் கொம்பைப் பார்த்ததுமே இது எந்தக் கண்மாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. படியிறங்கி ஓடி, கரையில் ஏறி, மடைக்கல்லைப் பார்த்தாள். கல்லில் சோற்றுப் பசை தடவி ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதில் அவள் பெயர் இருந்தது.

அது என்ன தாள் என்று சொல்லிவிடவேண்டும். பட்டம் வாங்கும் முன்பு எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து 'வைவா' என்கிற வாய்மொழித் தேர்வு ஒன்று கொடுக்கவேண்டும், அதற்கு நாள் குறித்ததும் ஓர் அறிவிப்பு அடிப்பார்கள், அதன் அடியில் 'ஆர்வமுள்ள அனைவரும் வருக' என்று இருக்கும். அந்த வரியை நம்பி இதுவரைக்கும் ஒரு ஈ காக்கை வந்ததில்லை. வருவதெல்லாம் சக ஆய்வாளர்கள்தான், அவர்களும் முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டு, சமோசா தின்று, பொன்னாடை போர்த்திவிட்டுப் போவார்கள். முத்துப்பேச்சி ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தாளை அவள் மதினி, அண்ணன் பெண்டாட்டி சோலையம்மாவிடம் காட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்த சோலையம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாத்தனார் பெயர் அச்சில் வந்ததை நாலு பேர் பார்க்கட்டும் என்று அதைக் கொண்டுபோய் மடைக்கல்லில் ஒட்டினாள். நாலு பேர் பார்த்தார்களோ இல்லையோ, கண்மாய் பார்த்துவிட்டது.

"அக்கா, அது உங்க வைவாவுக்கு வந்திருக்கு," என்றான் ஜெபமணி. இயற்பியல் துறையில் ஆய்வு செய்கிறவன், முத்துப்பேச்சிக்குக் கூடப்பிறக்காத தம்பி, எதைப் பார்த்தாலும் அளக்காமல் இருக்கமாட்டான். அதற்குள் ஒரு கம்பில் கோடு கிழித்துக் கொண்டுவந்து தண்ணீரில் நட்டிருந்தான்.

"வைவாவுக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கேடா."

"சொந்தக்காரங்கன்னா முன்னாடியேதான் வருவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரம்பத்தில் அவள் வாரம் தவறாமல் கண்மாய்க் கரைக்குப் போவாள், உன்னை யார் வெட்டினது, இந்த மூணாம் மடை எந்த வயலுக்குப் பாயும், பஞ்சத்தில் எத்தனை தடவை வற்றினாய் என்று ஊர்ப் பெரிசுகளிடம் கேட்பாள், பெரிசுகள் இல்லாத நேரத்தில் கண்மாயிடமே கேட்பாள். தரவு போதும் என்று அவள் நெறியாளர் சொன்ன நாளிலிருந்து கரைப்பக்கம் போகவில்லை. ஊருக்குப் போனாலும் மதினி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவாள். யாரிடம் கேட்டு எழுதினார்களோ அவர்களிடம் திரும்பிப்போகாமல் இருப்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் குற்றமே இல்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனாலும் தண்ணீரைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் நெறியாளர் பேராசிரியர் இன்னாசிமுத்துவின் கீழ் கண்மாய்களைப் பற்றி ஆய்வு செய்த அத்தனை பேரும் முடிவுரையில் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள், ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்: 'இவ்வாறாக, ஒரு காலத்தில் செழித்திருந்த இக்கண்மாய் இன்று முற்றிலும் அழிந்துவிட்டது.' அழிந்துவிட்டது என்று எழுதினால் தேர்வாளர்கள் உச்சுக்கொட்டிக் கையெழுத்துப் போடுவார்கள், உயிரோடு இருக்கிறது என்று எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். அப்படி எழுதப்பட்ட கண்மாய்களில் சில நிஜமாகவே செத்தும் போயிருந்தன, எழுதினது முந்தியா செத்தது முந்தியா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. முத்துப்பேச்சியும் அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாள், செய்யும்போது விரல் கொஞ்சம் தயங்கியது, பிறகு தயங்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சோலையம்மா போன் செய்தாள். "பேச்சி, இங்க பள்ளம் மட்டுந்தான் கெடக்கு. கண்மாய் ஒங்ககிட்ட வந்திருக்காமே?"

"வந்திருக்கு மதினி."

"நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"நெல்லு பால் பிடிக்கிற நேரம் தாயி. இன்னும் ஒரு தண்ணி பாய்ச்சலைன்னா அத்தனையும் பதராப் போயிரும்." சோலையம்மா திட்டவில்லை, அழவும் இல்லை, நாத்தனாரைப் படிக்கவைக்கிறேன் என்று கிளம்பின நாளிலிருந்து அவள் குரல் ஏறினதே இல்லை. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடந்து எப்போதாவது வருவான். அந்த வயலில் விளைந்த சோறுதான் இத்தனை வருஷமும் தூக்குச்சட்டியில் அடைபட்டுப் பேருந்தேறி ஆய்வாளர் அறைக்கு வந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சி போனை வைத்துவிட்டுச் சன்னலோரம் நின்றாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஊரே கிளம்பி வந்தது. கண்மாய் எங்கே இருக்கிறதோ அங்கேதானே துவைக்கணும், குளிக்கணும், மாட்டைக் கழுவணும் என்று வேன் பிடித்து வந்தவர்கள், தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள் என்று துணைவேந்தரிடம் மனுக் கொடுத்தார்கள். துணைவேந்தர் மிகவும் மரியாதையாக, அடுத்த மாதம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, வளாகத்தில் நீர்நிலை இருந்தால் தனி மதிப்பெண் உண்டு, அதுவரை கண்மாய் இருக்கட்டும், நீங்களும் இருங்கள் என்று சொல்லி எல்லாருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார். மோரைக் குடித்துவிட்டு ஊர் கரையிலேயே உட்கார்ந்தது.

எங்கே தங்குவது என்று கேள்வி வந்தபோது ஆய்வாளர் அறைதான் கதவைத் திறந்துவிட்டது. அந்த அறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அங்கே இருந்தவர்கள் எல்லாரும் எதற்காகவோ காத்திருப்பவர்கள், கையெழுத்துக்கு, உதவித்தொகைக்கு, நெறியாளர் வெளிநாட்டிலிருந்து திரும்புவதற்கு, கல்யாணத்துக்கு, ஒரு டீயை மூன்று பேர் குடிப்பார்கள், ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்துவார், எவனாவது மனம் உடைந்து விடுதிக்குள் அடைந்துகொண்டால் கதவைத் தட்டித் தட்டி வெளியே இழுத்துவந்து சோறு போடுவார்கள். துணைவேந்தர்கள் வருவார்கள் போவார்கள், இந்த அறைதான் பல்கலைக்கழகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. கொக்கூரணிப் பெண்கள் வந்த அன்றைக்கே அந்த அறை வராந்தாவில் அடுப்பு மூட்டினார்கள், கண்மாயிலிருந்து விரால் பிடித்துக் குழம்பு வைத்தார்கள், பதிலுக்கு ஆய்வாளர்கள் கிழவர்களின் கண் ஆபரேஷனுக்கு விண்ணப்பம் எழுதினார்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பாடு போடும்போது பெண்கள், "எப்பத் தம்பி ஒங்க படிப்பு முடியும்?" என்று பாசமாகக் கேட்டதில்தான் இரண்டு பேர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவேண்டாம் என்று ஜெபமணி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

துறைகளும் சும்மா இருக்கவில்லை. தமிழ்த்துறை 'கண்மாயும் கவிதையும்' என்று கருத்தரங்கு வைத்தது, வணிகவியல் துறை 'கண்மாயும் சந்தையும்' என்று வைத்தது, ஆங்கிலத் துறை அதையே ஆங்கிலத்தில் வைத்தது. கூட்டம் கண்மாய்க் கரையில் நடந்ததால், துவைத்துக்கொண்டிருந்தவர்களும் தூண்டில் போட்டவர்களும் வந்தவர்களாகக் கணக்கிடப்பட்டு, எல்லாருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. எருமைகளுக்கு ஒன்று போட்டுவிட்டுப் பெயர் தெரியாமல் நிறுத்திவைத்தார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு தடவை தோற்றிருந்த சேவுகப்பெருமாள் சான்றிதழ்களை அடுக்கி ரப்பர்பேண்டு போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை எவன் நிற்பான் என்று பார்க்கிறேன் என்று திரிந்தார். நாலு நாள் போனதும் எல்லாருக்கும் எல்லாம் பழகிவிட்டது, கொக்கூரணி வயல்களில் தரை வெடிக்க ஆரம்பித்ததைத் தவிர.

வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் சக ஆய்வாளர்கள் முன்பு ஒரு தடவை படித்துப் பார்ப்பது அந்த அறையின் வழக்கம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முத்துப்பேச்சி முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்தாள், கண்மாயை வெட்டிய கதையைப் படித்தபோது அலை கரையில் மெத்தென்று தட்டியது, மடைகளின் பெயரைப் படித்தபோது மீன்கள் துள்ளின. கடைசியில் முடிவுரை வந்தது. 'இன்று முற்றிலும் அழிந்துவிட்டது' என்று அவள் படித்து நிறுத்தியதும், தண்ணீர் ஓசையில்லாமல் ஒரு சாண் இறங்கியது.

ஜெபமணி கம்பைப் பார்த்தான். "அக்கா, அந்த வரியை இன்னொரு வாட்டி படிங்க."

படித்தாள். இன்னொரு சாண் இறங்கியது.

"போதும், படிக்காதீங்க," என்றான்.

அவள் நேராக இன்னாசிமுத்துவிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, மாணவர்களுக்குத் தன் வீட்டிலிருந்து இட்லி கொண்டுவருகிறவர்தான், ஆனால் விதி என்றால் நடுங்குவார். "ஆவியாதலா இருக்கும்மா," என்றார் முதலில். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளித் தேர்வாளர் ரெண்டு பேரும் படிச்சு ஒப்புதல் குடுத்த ஆய்வேடு அது. ஒரு வரியை மாத்தினா மறுபடி அனுப்பணும், மறுபடி ஆறு மாசம். உனக்கு இந்த மாசக் கடைசியோட பதிவு முடியுது. அதுக்கு மேல நீட்டிப்பே கிடையாது. இத்தனை வருஷமும் தண்ணியில போட்ட மாதிரி ஆயிரும்."

"படிக்காம விட்டுட்டா சார்?"

"முடிவுரையை வாய்விட்டு வாசிக்கணும்கிறது விதி."

கண்மாய்த் தண்ணீரில் போட்டால்கூடப் பரவாயில்லை, தண்ணீரே இருக்காதே என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. வெளியே வந்தபோது சோலையம்மா கண்மாய்ப் படித்துறையில் உட்கார்ந்து அவள் தேர்வுக்குக் கட்டவேண்டிய சேலையை அலசிக்கொண்டிருந்தாள், சாயம் போகாமல் அலசவேண்டும் என்று மெதுவாக அலசினாள். வாசித்தால் பட்டம், மதினியின் வயல் போச்சு. வாசிக்காவிட்டால் வயலாவது தப்பும், மதினி பட்டினி கிடந்து படிக்கவைத்த படிப்பு போச்சு. இரண்டையும் மதினியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தேர்வு நாளன்று கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். வெளித் தேர்வாளராக வந்திருந்தது வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியை, நரைத்த முடியைக் கத்தரித்துவிட்ட, அதிகம் பேசாத அம்மாள். ஆர்வமுள்ள அனைவரும் முதல்முறையாக வந்திருந்தார்கள், ஊர் முழுக்க ஒரு பக்கம், ஆய்வாளர்கள் ஒரு பக்கம், நடுவில் கண்மாய். துறை வழக்கப்படி கேள்விச் சீட்டுகளை அலுவலக உதவியாளர் விநியோகித்தார். ஆள் நிறைய இருந்ததால் ஊர்க்காரர்களுக்கும் கொடுத்துவிட்டார். சேவுகப்பெருமாளுக்கு வந்த சீட்டில், 'இவ்வாய்வின் எதிர்காலப் பரிமாணங்கள் யாவை?' என்று இருந்தது.

முத்துப்பேச்சி படித்தாள். நல்ல குரல் அவளுக்கு. வெட்டிய கதை, மடைகளின் கதை, பஞ்சத்தின் கதை எல்லாம் படித்தாள், ஊர் தன் பெயர் வந்த இடங்களில் தலையாட்டியது. முடிவுரைக்கு வந்து, மதினியைப் பார்த்தாள். மதினி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, தனக்குப் புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, அவளுக்காகவாவது இந்தப் பட்டத்தை வாங்கிவிடவேண்டும் என்று முத்துப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள்: "இவ்வாறாக, ஒரு காலத்தில் செழித்திருந்த இக்கண்மாய் இன்று முற்றிலும் அழிந்துவிட்டது."

தண்ணீர் இறங்கியது. இந்தத் தடவை சாண் கணக்கில் இல்லை, பாயைச் சுருட்டுகிற மாதிரி கரையிலிருந்து நடுவுக்குச் சுருண்டுகொண்டு போனது, எருமைகளின் முதுகு தெரிந்தது, வயிறு தெரிந்தது, முழங்கால் தெரிந்தது, கெளுத்திகள் சேற்றில் துள்ளின. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையைத் தூக்கியபடி இருந்தார்கள். இன்னாசிமுத்து அவசரமாக, "பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்," என்றார்.

சேவுகப்பெருமாள் எழுந்தார். கையிலிருந்த சீட்டை ஒரு தடவை பார்த்தார். "இது என் கேள்வி இல்லை. எவனோ எழுதிக் குடுத்தது," என்று மடித்துக் காதில் சொருகிக்கொண்டார். "ஏத்தா பேச்சி, சித்தப்பன் கேக்கேன், கோவிச்சுக்கிராதே. கண்மாய் அழிஞ்சுபோச்சுன்னா நான் எதுலதான் குளிச்சேன்?"

முத்துப்பேச்சி அவரைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் பதில் எழுதிவைக்காத கேள்வி கேட்டதில்லை.

"அழியலை சித்தப்பா," என்றாள். "நான் பார்க்காம எழுதிட்டேன். இந்த வரி பொய்."

சுருண்ட தண்ணீர் நின்றது. இன்னாசிமுத்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தேர்வாளரம்மாள் முதல்முறையாக வாய் திறந்து, "அப்படியானால் உங்கள் முடிவுரை என்ன?" என்று கேட்டார்.

"தெரியலைங்கம்மா. போய்ப் பார்க்கணும்."

அப்போதுதான் ஜெபமணி எழுந்து, தன் சீட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். "அக்கா, மூணாம் மடை நாலாம் மடைக்கு மேல இருக்கா கீழ இருக்கா? படத்துல ஒரு மாதிரி போட்டிருக்கீங்க, எழுத்துல ஒரு மாதிரி இருக்கு."

"தெரியலைடா. பார்த்து நாளாச்சு."

தண்ணீர் ஒரு விரல் ஏறியது. அதைக் கண்டதும் ஆய்வாளர் பக்கம் முழுக்க எழுந்துவிட்டது, வழக்கமாகச் சமோசா எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்கிற கூட்டம், சீட்டுகளைக் கசக்கிப் போட்டுவிட்டு, பஞ்ச காலத்தில் மீனெல்லாம் எங்கே போகும், தண்ணி முறையில் தகராறு வந்தால் யார் பேச்சு எடுபடும், பெண்கள் குளிக்க ஏன் தனிப் படித்துறை, அதை யார் முடிவு செய்தார்கள் என்று தங்களுக்கு நிஜமாகவே தெரியவேண்டியதைக் கேட்டது. ஊர்ப் பக்கமும் சேர்ந்துகொண்டது. முத்துப்பேச்சி ஒவ்வொன்றுக்கும் தெரியவில்லை, போய்ப் பார்க்கணும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், அப்படிச் சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் இறங்கியது, தண்ணீர் ஏறியது, எருமைகள் மறுபடி கழுத்தளவுக்கு மூழ்கின.

தேர்வாளரம்மாள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாய்மொழித் தேர்வை எங்கே நடத்தவேண்டும் என்று விதியில் இல்லை. வாருங்கள், போய்ப் பார்ப்போம்."

கிளம்பிவிட்டார்கள். முன்னால் தேர்வாளரம்மாளும் முத்துப்பேச்சியும், அடுத்து கோப்புகளோடு ஆய்வாளர்கள், அடுத்து குடமும் சட்டியுமாக ஊர், எல்லாருக்கும் பின்னால் கண்மாய், எருமைகளை ஏற்றிக்கொண்டு, நாலுவழிச் சாலையின் இடது ஓரமாகவே, யாரையும் முந்தாமல், ஹாரன் அடித்த லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு வந்தது. துணைவேந்தர் வாசல்வரை ஓடிவந்து, தரமதிப்பீடு முடியட்டும் என்று கூவிப் பார்த்தார். சுங்கச்சாவடியில் இருந்த பையன் கண்மாயை மேலும் கீழும் பார்த்து, "இது எந்த வகை வண்டின்னு போடுறது?" என்றான். "விவசாயம்னு போடு, கம்பைத் தூக்கு," என்றார் சேவுகப்பெருமாள். அவன் தூக்கிவிட்டான்.

பொழுது சாயும்போது கொக்கூரணி வந்தது. கண்மாய் தன் பள்ளத்தைச் சுற்றி ஒரு தடவை வந்து, மாடு இடம் பார்த்துப் படுக்கிற மாதிரி மெதுவாகப் படுத்தது. யாரும் எதுவும் பேசுவதற்கு முன் சோலையம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி மூன்றாம் மடையைத் திறந்தாள். வெடித்த வயலுக்குள் தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டபடி அத்தனை படித்தவர்களும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் மடை நாலாம் மடைக்குக் கீழேதான் இருந்தது.

மதினி சேற்றுக் காலோடு ஏறிவந்து, "பாஸா தாயி?" என்று கேட்டாள். முத்துப்பேச்சி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தேர்வாளரம்மாள் அறிக்கையை அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். அதில் தேர்ச்சி என்றும் இல்லை, தோல்வி என்றும் இல்லை: 'வாய்மொழித் தேர்வு தொடர்கிறது' என்று இருந்தது. தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது பதிவு எப்படி முடியும் என்று பதிவாளர் விதிப்புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டியும் கண்டுபிடிக்க முடியவில்லை, தொடரட்டும் என்று விட்டுவிட்டார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆய்வாளர் அறை கொக்கூரணிக் கரைக்குப் பேருந்தேறி வந்தது. முடிவுரையை முத்துப்பேச்சி எழுதி வந்து தண்ணீரிடம் வாசிப்பாள், ஜெபமணி கம்பைப் பார்த்துச் சொல்வான், தண்ணீர் இறங்கினால் அந்த வரியை அடித்துவிடுவாள். 'வளம் கொழிக்கும்' என்று எழுதியதற்கு இறங்கியது. 'தாய் போன்ற' என்று எழுதியதற்குக் கோபித்துக்கொண்டு முழங்காலுக்குப் போய்விட்டது, அதைச் சமாதானம் செய்ய அந்தி வரைக்கும் கேள்வி கேட்கவேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் வேறு வழியில்லாமல் கண்மாயை இணை நெறியாளராக அங்கீகரித்தது. இன்னாசிமுத்துதான் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தார்.

அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை காலையில் முத்துப்பேச்சி கரையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ஆண்கள் படித்துறையிலிருந்து சேவுகப்பெருமாளின் குரல் வந்தது. தலையில் நுரை, மூடின கண். "ஏத்தா, இத்தனை வருஷமா இதைப் பத்தியே எழுதுறியே. நீ படிக்கப் போன பெறகு ஒரு நாளாவது இதுல குளிச்சிருக்கியா?"

இல்லை. அவள் யோசித்துப் பார்த்தாள், இல்லவே இல்லை. தாளின்மேல் கல்லை வைத்துவிட்டுப் பெண்கள் துறைக்குப் போனாள், மதினி துவைத்துக்கொண்டிருந்த படிக்குப் பக்கத்தில் சேலையோடு இறங்கினாள், மதினி ஒன்றும் கேட்காமல் சோப்பை நீட்டினாள். தலைக்குப் போட்டு, கண்ணை மூடினாள். மூடினதும், திறந்தால் எதிரே பெண்கள் விடுதி நிற்குமோ, வெறும் பள்ளம் கிடக்குமோ என்று பயம் வந்துவிட்டது. முங்கினாள். எழுந்து திறந்தாள். கண்மாய் அங்கேயே இருந்தது, மதினி அதே சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஈரக் கையோடு கரையேறி அவள் எழுதினாள்: 'இன்று காலையில் கண்மாயில் தண்ணீர் இருந்தது. நான் அதில் குளித்தேன்.' தண்ணீரைப் பார்த்து ஒரு தடவை வாசித்தாள்.

தூரத்தில் மடைக்குப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஜெபமணி, "அக்கா, ஒரு விரல் ஏறியிருக்கு," என்று சத்தம் கொடுத்தான். கொஞ்ச நேரம் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தான், இயற்பியல் படித்தவன் இல்லையா. "நீங்க தண்ணிக்குள்ள இறங்கினப்ப ஏறுச்சு. அது சரி, அதுக்குக் கணக்கு இருக்கு. நீங்க வெளிய வந்துட்டீங்க. இன்னும் அது இறங்கலையே அக்கா."